உச்சி மாநாட்டுச் செய்தியை விடுங்கள், பாலத்தின் எடைத்தாங்கு திறனைப் பாருங்கள்

ராணுவக் கூட்டணி என்றதும், அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் இருக்கும் நேட்டோ ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்று. அந்தப் பிரிவை முழுசாகப் படித்தால், ஒவ்வொரு நாடும் 'தான் அவசியம் எனக் கருதும் நடவடிக்கையை' எடுக்கும் என்றுதான் இருக்கிறது. படை அனுப்பியே ஆகவேண்டும் என்று எங்கும் இல்லை. 6-ஆம் பிரிவு வட அட்லாண்டிக்கில் கடகரேகைக்குத் தெற்கே உள்ள தீவுகளை வெளியே நிறுத்திவிடுகிறது. 1982-ல் தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபால்க்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது 5-ஆம் பிரிவுக்கு அங்கே வேலையே இல்லை.

1949-ல் எழுதிய வரிகள் ஏறக்குறைய அப்படியேதான் நிற்கின்றன. ஆபத்துதான் மாறிக்கொண்டே வருகிறது. அதற்கேற்பக் கூட்டணி மாறுவது ஒப்பந்தத்துக்குக் கீழே இருக்கும் அடுக்கில்: வழிகாட்டு நெறிகள், படைத்திட்டம், தண்டவாளம், குண்டு. யாரும் எட்டிப் பார்க்காத அந்த அடுக்கைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அமெரிக்கா-பிலிப்பைன்ஸ் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1951-ல் போட்டது. அன்றைய பயம் போர்க்கப்பலும் குண்டுவீச்சும். இன்று தென்சீனக் கடலில் நடப்பது பிலிப்பைன்ஸின் கடலோரக் காவல் படகு மீது சீனா தண்ணீர் பீய்ச்சுவதும் இடிப்பதும். ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல், 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், கடலோரக் காவல் படை மீது தென்சீனக் கடலில் எங்கே ஆயுதத் தாக்குதல் நடந்தாலும் ஒப்பந்தம் பொருந்தும் என்று எழுதினார்கள். நல்ல வேலை. ஆனால் 2024 ஜூனில் அதே கடலில் உள்ள இரண்டாம் தாமஸ் திட்டில் நடந்த மோதலில் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமியின் கட்டைவிரலே துண்டானது. அதையும் 'ஆயுதத் தாக்குதல்' என்று பிலிப்பைன்ஸ் அரசு அறிவிக்கவில்லை. கோட்டுக்கு ஒரு அங்குலம் கீழேயே நின்று அடிக்கும் எதிரிக்கு வழிகாட்டு நெறி மட்டும் போதாது.

ஐரோப்பாவில் மாற்றம் இன்னும் ஆழமானது. 2017-ல் எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா என்ற மூன்று பால்டிக் நாடுகளிலும் போலந்திலும் நாட்டுக்குச் சுமார் ஆயிரம் பேர் வீதம் பன்னாட்டுப் படையணிகளை நேட்டோ வைத்தது. ரஷ்யப் படையை அந்தப் படையணிகளால் நிறுத்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பல நாட்டு வீரர்கள் அடிபட்டால் எந்த அரசும் ஒதுங்க முடியாது என்பதுதான் கணக்கு. நிலம் போனால் பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்பது அதற்குள் ஒளிந்திருந்த எண்ணம். 2022-ல் ரஷ்யப் படை பிடித்திருந்த உக்ரைனின் புச்சா நகரில் ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்று உலகம் பார்த்த பிறகு 'பிறகு மீட்கலாம்' என்று பால்டிக் மக்களிடம் சொல்ல எவருக்கும் வாய் வராது. அதே ஆண்டு நேட்டோவின் மாட்ரிட் மாநாட்டில் புதிய படைக்கட்டமைப்பு வந்தது: தயார்நிலையில் 10 நாளுக்குள் 1,00,000 வீரர்களுக்கு மேல், 30 நாளுக்குள் மேலும் சுமார் 2,00,000. 2023-ல் வில்னியஸ் மாநாட்டில், ஒவ்வொரு வட்டாரத்தையும் எப்படிக் காப்பது என்ற திட்டங்கள் ஒப்புதல் பெற்றன.

இந்த நாள்கணக்கு எங்கே உடைகிறது? முதலில் வண்டியில். 2022 டிசம்பரில் ஜெர்மனியின் பூமா கவச வாகனங்கள் 18, ஒரே பயிற்சியில் 18-மே பழுதாகி நின்றன. நேட்டோவின் அதிவிரைவுப் படைக்கு ஒதுக்க வைத்திருந்தவை. பழைய மார்டர் வாகனங்களை அனுப்ப வேண்டியதாயிற்று.

அடுத்தது தண்டவாளம். போலந்தில் அகலம் 1,435 மில்லிமீட்டர், பால்டிக் நாடுகளில் 1,520. வித்தியாசம் 85 மில்லிமீட்டர், ஒரு கையகலம்கூட இல்லை. ஆனால் 1,435 பாதை லிதுவேனியாவின் கவுனஸோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ரயிலில் போக வேண்டுமானால் ஒவ்வொரு டாங்கியையும் ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். சரிவுமேடை எத்தனை, எதிர்ப்பக்கம் வேகன் எத்தனை என்பதுதான் அங்கே வேகத்தைத் தீர்மானிக்கும். அத்தனை நேரமும் அந்த நிலையம் ஏவுகணைக்கு அசையாத இலக்கு. பால்டிக் நாடுகள் வழியாக 1,435 அகலத்தில் போடப்படும் ரயில் பால்டிகா பாதை முடியும்வரை இதுதான் நிலைமை.

பீரங்கிக் குண்டு இன்னொரு தலைவலி. 155 மில்லிமீட்டர் என்பது பொது அளவு என்பதால் எதுவும் எதிலும் பொருந்தும் என்று நினைக்கிறோம். குழாய்க்குள் போவது வேறு, சொன்ன இடத்தில் விழுவது வேறு. குண்டு, அதை வெடிக்க வைக்கும் ஃபியூஸ், அதைத் தள்ளும் உந்துமருந்து மூன்றும் தனித்தனி. மருந்து வைக்கும் அறையின் கொள்ளளவு பீரங்கிக்குப் பீரங்கி வேறுபடலாம்; ஒரு நாட்டு மருந்தை இன்னொரு நாட்டுப் பீரங்கியில் போட்டால் அழுத்தமும் மாறும், தூரமும் மாறும். அந்தச் சேர்க்கைக்கென்று சுட்டுப் பார்த்துத் தயாரித்த அட்டவணை கணினியில் இல்லையென்றால் முதல் குண்டு எங்கே விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தச் சோதனைகளைப் போருக்கு முன்னால் செய்யாத கூட்டணி, போருக்கு நடுவில் செய்யும்.

கீழ் அடுக்கில் மனமே வைக்காத கூட்டணி என்ன ஆகும் என்பதற்கு ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பு சாட்சி. 2022 ஜனவரியில் கஜகஸ்தானில் உள்நாட்டுக் கலவரத்துக்குச் சில நாளில் படை போனது. அதே ஆண்டு செப்டம்பரில் அஜர்பைஜான் தாக்குகிறது என்று ஆர்மீனியா உதவி கேட்டபோது நிலைமையை ஆராயக் குழு போனது. 2024-ல் ஆர்மீனியா தன் பங்கேற்பை முடக்கிவிட்டது.

2025-ல் நேட்டோவின் ஹேக் மாநாட்டில் பாதுகாப்புச் செலவு 2035-க்குள் ஜிடிபியில் 5% என்று முடிவானது. எல்லோரும் நேரடி ராணுவச் செலவுக்கான 3.5 சதவீதத்தையே பேசுகிறார்கள். சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கான மீதி 1.5 சதவீதத்தில்தான் என் அக்கறை. ஏற்கெனவே திட்டமிட்டிருந்த எந்தக் கட்டுமானத்தையும் இந்தக் கணக்கில் எழுதிவிடும் ஆசை நிதியமைச்சகங்களுக்கு வரும். லெபார்டு 2 டாங்கி 60 டன்னைத் தாண்டும், ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரியோடு சேர்த்தால் 100 டன்னைத் தொடும். ஒவ்வொரு பாலத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த லாரி இதன் மேல் போகுமா? போகாது என்றால் அந்தச் செலவை 1.5-இல் சேர்க்கக் கூடாது.