விசில் கேட்டாலே டர்போ காலியா?

பெங்களூரு தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: "டீசல் காரில் விசில் சத்தம் வந்தால் டர்போ போச்சு, உடனே மாற்றுங்கள்." இது தவறு.

டர்போ என்பது புகைவாயுவின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி. அதன் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது கேட்கும் மெல்லிய விசில் இயல்பானதே.

திடீரெனக் காற்று சீறி, இழுவையும் குறைந்தால் முதலில் இன்டர்கூலர் ஹோஸை, அதாவது டர்போ அழுத்தும் காற்றைக் குளிரவைக்கும் பாகத்தின் ரப்பர் குழாயைப் பாருங்கள். அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கும், இல்லையேல் ரப்பர் கிழிந்திருக்கும். இன்ஜின் ஆறியதும் ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு விரிசலைக் காட்டிக்கொடுக்கும். கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் ஒரு ஹோஸ் வாங்கினால் முடிகிற வேலைக்கு டர்போவையே மாற்றச் சொல்வது அநியாயம்.

சைரன்போல ஊளையோ உலோக உரசலோ கேட்டால்தான் டர்போமீது சந்தேகம். ஆறிய இன்ஜினில் டர்போவுக்குள் போகும் காற்றுக்குழாயைக் கழற்றி, டர்போ சக்கரத்தின் தண்டை அசையுங்கள். பக்கவாட்டில் சற்றே ஆடலாம். அது எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி. முன்னும் பின்னும் கையில் உணருமளவு ஆடினாலோ, இறக்கை உறையில் உரசினாலோ பேரிங் தேய்ந்துவிட்டது. வண்டியை ஓட்டாதீர்கள், உடைந்த துண்டு இன்ஜினுக்குள் போகலாம். புதியது பூட்டும்போது ஆயில் வரும் குழாயையும் மாற்றுங்கள். அடைத்த குழாய் புதிய டர்போவையும் தின்றுவிடும்.