ஆகாய் அந்த அக்காவிடம் பேசவில்லை

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வீடியோ பார்த்திருப்பீர்கள். எந்தச் சபை, யார் பேசியது என்று தயவுசெய்து கமெண்டில் எழுதாதீர்கள், எழுதினால் அழித்துவிடுவேன். எனக்கு அந்தப் பிரசங்கியார் மேல் கோபம் இல்லை என்றால் அது பொய். ஆனாலும் பேச வேண்டியது அந்த வசனத்தைப் பற்றித்தான்.

கட்டட நிதிக்கான ஆராதனை. பிரசங்கம் பழைய ஏற்பாட்டில் ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகம், முதல் அதிகாரத்திலிருந்து. கர்த்தரின் ஆலயத்தைக் கட்டாமல் விட்ட ஜனங்களிடம் ஆகாய் சொல்கிற வசனம்: திரளாய் விதைக்கிறீர்கள், கொஞ்சமாய் அறுக்கிறீர்கள், கூலி பொத்தலான பையில் விழுகிறது. அதுவரை சரி. அப்புறம், "நம்ம சபையிலேயே சிலர் வீட்ல அடி மேல அடி விழுது, ஏன்னு அவங்களே யோசிச்சுப் பாக்கட்டும்" என்றார். யாரைச் சொன்னார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த அக்காவின் புருஷன் இறந்து எட்டு மாதம், மகனுக்கு வேலை போய் இரண்டு மாதம். மூன்றாவது வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் குனிந்த தலை நிமிரவில்லை.

ஆகாய் அந்த அக்காவிடம் பேசவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆகாய் புத்தகம் இரண்டே அதிகாரம், 38 வசனம். அரை மணி நேரத்தில் இரண்டு தடவை படித்துவிடலாம். பெர்சிய ராஜா தரியுவின் இரண்டாம் வருஷம், அதாவது கி.மு. 520. பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை இடித்து அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தரியுவுக்கு முன் ஆண்ட கோரேசு ராஜா அனுமதி கொடுத்து, சிறைப்பட்டுப் போன ஜனங்கள் திரும்பி வந்தார்கள், அஸ்திபாரம் போட்டார்கள், எதிர்ப்பு வந்தது, வேலை நின்றது. நின்றது நின்றதுதான். "இன்னும் காலம் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே வருஷங்களை ஓட்டினார்கள். அப்போதுதான் ஆகாய் வருகிறார். முதலில் யாரிடம் போகிறார்? முதல் வசனத்திலேயே இருக்கிறது: தேசத்தின் அதிபதி செருபாபேலிடமும் பிரதான ஆசாரியன் யோசுவாவிடமும். அதிகாரத்தில் இருந்தவரிடமும் ஆலயப் பொறுப்பில் இருந்தவரிடமும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த விதவையிடம் இல்லை.

பிறகு ஜனங்களைக் கேட்கிறார்: இந்த வீடு பாழாய்க் கிடக்க, நீங்கள் மச்சுப்பாவிய வீடுகளில் குடியிருக்க இதுவா காலம்? மச்சு வீடு யாருக்கு இருக்கும்? வசதி இருக்கிறவனுக்கு. அக்கா வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மழை வந்தால் அடுப்படியில் சருவம் வைக்க வேண்டும்.

இப்போதே சிலர் டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். "அப்போ வேதத்தில் இருக்கிறதை இல்லை என்கிறாயா? வறட்சியை வரவழைத்தேன் என்று கர்த்தரே சொல்கிறாரே?" சொல்கிறார். நான் மறைக்கவில்லை. எபிரெயத்தில் இன்னும் கூர்மையாகவே இருக்கிறது. ஆலயம் பாழாய்க் கிடக்கிறது என்பதற்கு வருகிற சொல் ஹாரேப், வறட்சிக்கு வருகிற சொல் ஹோரெப். இரண்டுக்கும் அதே மூன்று எழுத்துதான். என் வீட்டை எப்படி வைத்திருந்தீர்களோ அப்படி உங்கள் வயலும் ஆனது என்று காதில் விழுகிற மாதிரி சொல்லியிருக்கிறார். இருபது மரக்கால் எதிர்பார்த்துப் போனவனுக்குப் பத்துதான் கிடைத்தது, ஆலையில் ஐம்பது குடம் மொள்ளப் போனவனுக்கு இருபதுதான் என்று இரண்டாம் அதிகாரத்தில் கணக்கே இருக்கிறது. இதை எல்லாம் நான் நம்புகிறேன். ஒரு தேசம் முழுவதும் சேர்ந்து ஒரு கடமையைக் கைவிட்டது, தேசம் முழுவதும் வாடியது. அந்தப் பன்மையைப் பாருங்கள். நீங்கள், நீங்கள், நீங்கள். "உன் புருஷன் செத்தது இதனால்தான்" என்று ஒரு தனி வீட்டு வாசலில் போய் நின்று அவர் சொன்னதாக 38 வசனத்தில் ஒரு வசனம் காட்டுங்கள்.

ஆகாய் என்ன கேட்டார் தெரியுமா? மலைமேல் ஏறிப் போய் மரம் வெட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். வெள்ளியும் பொன்னும் ஏற்கெனவே என்னுடையது என்று கர்த்தர் சொன்னதாகத்தான் சொன்னார். ஜனங்கள் கீழ்ப்படிந்தார்கள், 23 நாளில் வேலை தொடங்கியது. கீழ்ப்படிந்தவர்களுக்கு அவர் சொன்ன முதல் வார்த்தை, "நான் உங்களோடே இருக்கிறேன்." இந்த வார்த்தை ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவைகூட வரவில்லை. பையும் பொத்தலும் மட்டும் ஏழெட்டுத் தடவை வந்தது.

"மல்கியா மூன்றாம் அதிகாரம் இருக்கிறதே, தசமபாகத்தில், அதாவது வரவில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதில், கர்த்தரை வஞ்சித்தீர்கள் என்று?" இருக்கிறது. எட்டாம் வசனத்துக்குப் போகிறவர்கள் ஐந்தாம் வசனத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள். கூலிக்காரனையும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாக நானே சாட்சியாக வருவேன் என்று அங்கே இருக்கிறது. அப்படியே உபாகமம் 14-ஐயும் திருப்புங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தசமபாகம் ஆலய ஊழியம் செய்கிற லேவியனுக்கும், அந்நியனான பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போக வேண்டும், அவர்கள் சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும். தசமபாகத்தை வாங்க வேண்டியவர் அந்த அக்கா! அவரிடம் போய்க் காணிக்கைக் கவர் நீட்டுகிறோம்.

ஆமோஸ் தீர்க்கதரிசி காலத்தில் பெத்தேல் என்கிற ஊரில் பலி ஒழுங்காக நடந்தது, தசமபாகமும் வந்தது. ஆனாலும் பஞ்சம் வந்தது. ஒரு ஊரில் மழை, பக்கத்து ஊரில் இல்லை. ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்கிற ஜனம் என்பதுதான் அவர்கள் மேல் இருந்த குற்றச்சாட்டு. இதை வைத்து எந்தக் கட்டட நிதி ஆராதனையிலும் நான் பிரசங்கம் கேட்டதில்லை.

எரேமியா 44-ம் அப்படித்தான். எகிப்துக்கு ஓடிப்போன யூதர்கள் தீர்க்கதரிசியின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள்: வானராக்கினி என்கிற அந்நிய தேவதைக்குத் தூபம் காட்டுவதை நிறுத்திய பிறகுதான் எங்களுக்கு எல்லாம் குறைந்துபோயிற்று. கஷ்டத்தை முதலில் பார்த்துவிட்டுக் காரணத்தைத் தேடினால் இப்படித்தான், எந்தச் சாமியின் பேரிலும் கணக்கு எழுதிவிடலாம்.

"ஆலயம் கட்ட வேண்டாமா?" கட்டுங்கள். நானும் கொடுத்திருக்கிறேன். "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்று இருக்கிறதே, ஊழியக்காரரைக் குறை சொல்லலாமா?" நான் யாரையும் தொடவில்லை. அந்த அக்காவைத் தொட்டது யார் என்று யோசியுங்கள்.

ஏன் இவ்வளவு கொதிக்கிறாய் என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். சொல்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அப்பா பாட்டத்துக்கு எடுத்த நிலத்தில் 600 வாழை வைத்திருந்தார். குலை தள்ளிய சமயம், ஒரு சாயங்காலம் இருபது நிமிஷக் காற்று. முட்டுக் கொடுத்த கம்போடு சேர்ந்து எல்லாம் சரிந்து கிடந்தது. மறுநாள் ஜெபிக்க வந்த ஒருவர் ஆமென் சொல்லி முடித்துவிட்டு, அம்மா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார், "தசமபாகம் எல்லாம் சரியாக் குடுத்துட்டு வர்றீங்களா?"

அப்பா பதில் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி கரண்ட் இல்லை. அரிக்கேன் வெளிச்சத்தில் பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வரவு ஒரு பக்கம், பத்தில் ஒன்று எதிர்ப் பக்கம், பென்சிலில் எழுதியிருப்பார். விரலை வைத்து வரிவரியாகக் கீழே வந்தார். ஒரு மாதம் மட்டும் எதிர்ப் பக்கம் காலியாக இருந்தது. தங்கச்சிக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்த மாதம். அந்த இடத்தில் விரல் நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "இதான்" என்றார்.

கடன் வாங்கி அதைக் கட்டினார். சாகும் வரைக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த பணத்தால்தான் வாழை போயிற்று என்று நம்பினார். தங்கச்சிக்கும் அது தெரியும். அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்த நோட்டு இப்போது என் அலமாரியில்தான் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பீடி இலையை நனைத்து வைத்திருந்தார், மகன் உள்ளே படுத்திருந்தான். பேசிக்கொண்டே இருந்தவர் எழுந்து போய் வேதாகமத்துக்குள்ளிருந்து கட்டட நிதிக் கவரை எடுத்து வந்தார். உள்ளே மூன்று நூறு ரூபாய் நோட்டு. பெயர் எழுதும் கோட்டில் புருஷன் பெயரைப் பாதி எழுதி அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருந்தார்.

"தம்பி, இதைப் போட்டுட்டா சரியாயிருமா?" என்று கேட்டார்.

உபாகமம் 14-ஐ எடுத்து, அந்த வசனங்களை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அக்கா கவரை மடியில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.