பிரண்டையைப் பச்சையாகக் குடிக்காதீர்கள்

"பெத்த வயித்துல பெரண்டையைத்தான் வச்சுக் கட்டணும்." பிள்ளை பேச்சைக் கேட்காமல் போனால் எங்கள் ஊரில் அம்மாக்கள் இப்படித்தான் புலம்புவார்கள். பிரண்டைச் சாறு தோலில் பட்டால் எப்படி அரிக்கும் என்று அனுபவித்தவர்களின் பேச்சு இது. வயிற்றின் மேலே கட்டுவதையே தண்டனையாகச் சொன்னார்கள். இப்போதோ வீடியோவைப் பார்த்துவிட்டு அதே பிரண்டையைப் பச்சையாக மிக்ஸியில் அடித்து, வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள்.

போன மாதம் என் சித்தப்பா குடித்தார். மூட்டுவலிக்கு நல்லது, கால்சியம் கொட்டிக் கிடக்கிறது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அரை டம்ளர்தான். கொஞ்ச நேரத்திலேயே நாக்கிலும் தொண்டையிலும் ஊசி குத்துகிற மாதிரி ஆகி, எச்சில்கூட விழுங்க முடியவில்லை. சித்தி போனில் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கி, மறுநாள்தான் கஞ்சி இறங்கியது.

ஊசி குத்துகிற மாதிரி என்றேனே, உண்மையிலேயே ஊசிதான். பிரண்டைத் தண்டுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. சேனையும் சேம்பும் நாக்கை அரிப்பது இதனால்தான். கால்சியம் கால்சியம் என்கிறார்களே, அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆக்சலேட்டோடு பிணைந்த கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. பாலக் கீரைக்கும் இதே கதைதான். தண்டில் இருப்பது வேறு, எலும்பில் சேர்வது வேறு. கால்சியத்துக்குக் கேழ்வரகும் மோரும் இருக்கின்றன. சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் பிரண்டைப் பக்கம் போகவே வேண்டாம்.

பிரண்டையே கூடாது என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் வாரம் ஒருநாள் பிரண்டைத் துவையல் உண்டு. காய்ச்சல் விட்டு வாய் கசந்து கிடக்கும்போது, சுடுசோறும் நல்லெண்ணெயும் இந்தத் துவையலும் இருந்தால் சோறு தானாக உள்ளே போகும். திதிச் சமையலில் பிரண்டை வைத்தால் முந்நூறு கறி வைத்ததற்குச் சமம் என்று ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு மதிப்பு கொடுத்தவர்கள் அதைப் பச்சையாக இலையில் வைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

அம்மா செய்கிற விதம் இது. நுனியில் இரண்டு மூன்று கணு வரைக்கும் உள்ள இளந்தண்டை மட்டும் ஒடிப்பார். ஒடிக்கும்போது சட்டென்று முறிய வேண்டும், வளைந்தால் முற்றல். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நான்கு ஓரத்திலும் ஓடும் நாரை உரித்து, கணுவை வெட்டி எறிந்துவிடுவார். பொடியாக நறுக்கி, தாராளமாக எண்ணெய் விட்டு, பச்சை நிறம் போய்ப் பழுப்பாகும் வரை வதக்குவார். இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். அரைவதக்கலில் இறக்கினால் அரிக்கத்தான் செய்யும். அப்புறம் வறுத்த உளுந்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கொஞ்சம் தேங்காய், எல்லாவற்றுக்கும் மேலாகப் புளி. புளி குறைந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பக்குவம் ருசிக்காக மட்டும் வந்ததில்லை, உடம்பு கெடாமல் சாப்பிடுவதற்காக வந்தது. சாறாக்கிக் குடிக்கச் சொல்கிறவர்கள் இத்தனை காலத்து அனுபவத்தையும் ஒரே மூச்சில் தூக்கி எறிகிறார்கள். எனக்குக் கோபமே அதில்தான்.

எலும்பு ஒட்டும் என்கிறார்களே என்று கேட்பீர்கள். அந்த நம்பிக்கை இங்கே மட்டும் இல்லை. இந்தியில் பிரண்டைக்குப் பெயரே ஹட்ஜோட், எலும்பை இணைப்பது. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பா, பிரசாத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, முறிந்த எலும்பு சீக்கிரம் கூடுகிறது என்று எழுதினார்கள். நம்பிக்கை தருகிற விஷயம்தான். ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இதுவரை சின்னவை. என் அப்பாவுக்குக் கை முறிந்தபோது மாவுக்கட்டும் போட்டோம், துவையலும் கொடுத்தோம். கட்டுக்குப் பதிலாகத் துவையல் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மூலத்துக்கும் இதைத்தான் கைகாட்டுகிறார்கள். தாய்லாந்திலும் மூலத்துக்குப் பிரண்டை கொடுக்கும் வழக்கம் உண்டு. 2010இல் அங்கே 570 பேரை வைத்துச் செய்த ஆய்வில், திடீரென்று கிளம்பும் மூலத்துக்குப் பிரண்டை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரத்தம் போகிறது என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மலத்தில் இரத்தம் வர மூலம் மட்டும்தான் காரணம் என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்ய முடியாது.

ஜிம் போகிற பையன்கள் "சிஸ்ஸஸ்" என்று விலை கொடுத்து வாங்கும் டப்பாவிலும் இந்த வேலிக்கொடிதான் இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த மாதிரிச் சத்துச்சாறு மாத்திரைகளைத் தாங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

சித்தப்பா வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை துவையல் கொண்டுபோனேன். முதலில் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் மாடியில் இரண்டு தொட்டியில் கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. கணுவோடு ஒரு துண்டு நட்டால் போதும், தானாக வேர் பிடிக்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் கேளுங்கள், வெட்டித் தருகிறேன்.