காதைக் கொடுங்கள், ஸ்பானரைப் பிறகு எடுங்கள்

இன்று அதிகாலை குன்னூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் இறங்கும் மலைச்சாலையின் முதல் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியருக்கு மாற்றிவிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கடகடகடவென்று அதே சத்தம். நேற்று மாலைதான் மூன்றாவது பட்டறையிலிருந்து வண்டியை எடுத்து வந்தேன். "இனிமேல் வராது அண்ணா, நான் பொறுப்பு" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லி அனுப்பியவருடைய பொறுப்பு ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. பின்னால் முத்தோரை பாலாடாவில் ஏற்றிய கேரட் மூட்டைகள், காலுக்கு அடியில் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற அந்தக் கடகடப்பு. 14 வளைவுகளையும் அதோடுதான் இறங்கினேன். பர்லியாறு வருவதற்குள் தாடை வலித்தது. அவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

மலையில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் இப்படி ஒரு சத்தத்தோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தியிருப்பீர்கள்.

முதல் பட்டறையில் வண்டியைப் பார்த்தவுடனே எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில், அதைச் சட்டத்தோடு பிணைக்கும் சாக்கிளின் புஷ் போய்விட்டது என்றார்கள். மாற்றினேன். கழற்றிய புஷ்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ரப்பரில் ஒரு வெடிப்புகூட இல்லை. இரண்டாவது பட்டறையில் ஷாக் அப்சார்பர், அதுவும் ஜோடியாக. மூன்றாவது இடத்தில், கியர் பெட்டியின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸும் சென்டர் பேரிங்கும். மொத்தம் 19 நாள், 14,600 ரூபாய். இந்த மூன்று இடத்திலும் ஒருவர்கூட என்னைப் பார்த்து, "சத்தம் எப்போது வருகிறது?" என்று கேட்கவில்லை. வயிற்று வலி என்று போனவனிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே கத்தியை எடுக்கும் வைத்தியம் இது.

அந்த மூன்றாவது பட்டறையை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. சோதனை ஓட்டம் என்று மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடை பக்கம் கூட்டிப்போனார். காலி வண்டி, சமதளச் சாலை, நான்காவது கியர். அந்தச் சாலையில் எந்த வண்டிதான் அமைதியாகப் போகாது? அதிலும் பாதித் தூரம் கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டினார். "சத்தமே இல்லையே அண்ணா" என்றார். கல்லாறு தாண்டி மலையில் கொஞ்ச தூரம் ஏறி, இரண்டாவது கியரில் இறங்கிப் பாருங்கள் என்று மன்றாடினேன். நேரமில்லை என்றார். பட்டறைக்குத் திரும்பியதும் வண்டியை நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தார். இன்ஜின் அலறியது. மறுபடி மிதித்தார். மூன்றாம் முறையும் மிதித்தார். "கேட்டீர்களா? ஒன்றும் இல்லை" என்றார். ஒன்றும் இல்லை என்று சொன்ன அதே வாயால், "எதற்கும் ஷாஃப்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம்" என்றார். இல்லாத சத்தத்துக்கு எதற்கு ஷாஃப்டைக் கழற்ற வேண்டும்?

எப்போது வருகிறது என்று கேட்டிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பட்டை, சாக்கிள், ஷாக் அப்சார்பர் புஷ், அல்லது அடியில் தொங்கும் ஸ்டெப்னி. பிரேக்கை மெல்லத் தொட்டவுடன் நின்றால் பிரேக் பேட். கியர் போடும்போதோ ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதோ 'டொக்' என்று ஒரு தட்டு தட்டினால் கிராஸ். வண்டி நின்றிருந்தாலும், இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொடும்போது மட்டும் வந்தால் சைலன்சர் பக்கம் ஏதோ தளர்ந்திருக்கிறது. தளர்ந்த தகடு எல்லா வேகத்திலும் அதிராது. இன்ஜினின் அதிர்வு அதன் அதிர்வோடு பொருந்தும் இடத்தில் மட்டும் வாய் திறக்கும். ஒரே மிதியில் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டால் எப்படிக் கேட்கும்?

மண்டியில் சரக்கை இறக்கியதும், இன்று நானே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கூட வரும் தம்பியை இருக்கையில் உட்காரவைத்து, எறும்பு ஊர்வதுபோல மெதுவாக மிதி என்றேன். வண்டிக்குப் பக்கத்தில் தரையோடு காதை வைத்துக் குனிந்திருந்தேன். இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் நிமிடத்துக்கு 1,900 சுற்றைத் தொட்டதும் சத்தம் ஆரம்பித்தது. 2,200 தாண்டியதும் நின்றது. திரும்ப இறக்கச் சொன்னேன், திரும்ப வந்தது. இரண்டாவது கியரில் வளைவு இறங்கும்போது என் வண்டியின் முள் நிற்கும் இடம் அதுதான்!

இன்ஜினை அணைத்து, சைலன்சர் ஆறும்வரை காத்திருந்து, அடியில் படுத்து மரச் சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தேன். குழாய்க்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு கடகடவென்று பதில் சொன்னது. முன்பக்க போல்ட்டின் தலையே இல்லை, துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. இரண்டு பருவமழையும் பனிமூட்டமும் மாறி மாறி நனைக்கும் ஊரில் அடிப்பக்க போல்ட்டுகளின் கதி இதுதான். அதை மூன்று பட்டறையிலும் யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தகட்டைப் பிய்த்து எறிந்துவிடலாமே என்றான் தம்பி. கூடாது, சைலன்சரின் சூடு தளத்துக்கும் ஒயர்களுக்கும் போகாமல் தடுப்பது அதுதான். குழாயையும் தகட்டையும் சேர்த்து ஒரு பெரிய எவர்சில்வர் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். 80 ரூபாய். மறுபடி மெதுவாக மிதிக்கச் சொன்னேன். 1,900, 2,000, 2,200. மூச்சு விடும் சத்தம்கூட இல்லை.

பணம் போனதைவிட எனக்கு நெஞ்சு கொதிப்பது வேறொன்றுக்காக. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்குகிறோம். அந்த இறக்கத்தில் டிரைவருக்குக் கண் பாதி, காது பாதி. பிரேக் உரசுவதும் பேரிங் முனகுவதும் காதில் விழுந்தால்தான் ஓரமாக நிறுத்த முடியும். 19 நாளும் ஒரு தகடு அடியில் கத்திக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் உண்மையாகவே ஏதாவது விட்டுப்போயிருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து வருகிறான். சத்தம் என்று வருகிற டிரைவரைத் தொந்தரவு என்று நினைக்கிற பட்டறைக்காரர்கள் இதை யோசிக்க மாட்டார்களா?

திரும்பி மலை ஏறும்போது வண்டி அப்படி ஓர் அமைதி. பல நாளுக்குப் பிறகு ஓடையின் சத்தம் கேட்டது. நிம்மதியாக வந்துகொண்டிருந்தேன். பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவைத் திரும்பினால், இறங்கிவந்த சுற்றுலா கார் ஒன்று சாலையின் நடுவே நிற்கிறது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் மலைக்கு வருகிறார்கள். உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கிக் குரங்குக்கு பிஸ்கட் நீட்டிக்கொண்டிருக்கிறார். போடாதீர்கள் என்று வனத்துறை வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறது. அந்தப் பிஸ்கட்டுக்காகச் சாலைக்கு வந்து சக்கரத்தில் அடிபட்டுக் கிடக்கும் குட்டிகளை நாங்கள் அல்லவா தினமும் பார்க்கிறோம்! ஏற்றத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டு ஹார்ன் அடித்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி அடித்தேன்.

"ரெண்டு நிமிஷம்" என்று விரலைக் காட்டுகிறார்.