எக்ஸெலுக்குச் சிவப்பு நாமம்

(மளிகை மொத்தக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர். அண்ணாச்சி திரையை முறைத்துக்கொண்டிருக்கிறார். கணக்கு எழுதும் மணி வருகிறான்.)

அண்ணாச்சி: வா மணி. எக்ஸெலுக்கு எவனோ சிவப்பு நாமம் போட்டுவிட்டான். என்ன தட்டினாலும் அசையவில்லை.

மணி: எந்த பைல் அண்ணாச்சி?

அண்ணாச்சி: வருமான வரி ரிட்டர்ன் போட நேற்று இறக்கினாயே, அதுதான். மேக்ரோவைத் தடுத்துவிட்டோம் என்கிறது. முன்பெல்லாம் மஞ்சள் பட்டை வரும், ‘எனேபிள் கன்டென்ட்’ என்று கேட்கும். நான் படிக்காமலே தட்டிவிடுவேன்.

மணி: மேக்ரோ என்றால் பைலுக்குள் உட்கார்ந்து தானாக வேலை செய்கிற குட்டி புரோகிராம். அந்தப் பட்டையை ஊரே படிக்காமல்தான் தட்டியது. அதனால்தான் 2022-இல் மைக்ரோசாஃப்ட் அந்தப் பட்டனையே பிடுங்கிவிட்டது. இணையத்திலிருந்து வந்த பைலில் மேக்ரோ இருந்தால் இப்போது சிவப்புதான்.

அண்ணாச்சி: இணையத்திலிருந்து வந்தது என்று அதற்கு யார் சொன்னது? நான் யாரிடமும் மூச்சு விடவில்லையே.

மணி: இறக்கும்போதே விண்டோஸ் பைலின் முதுகில் ஒரு சீட்டை ஒட்டிவிடும். ‘ஸோன் ஐடென்டிஃபையர்’ என்று பெயர். நம் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸெல் படித்துவிடும்.

அண்ணாச்சி: கிழித்துப் போடு!

மணி: முதலில் எக்ஸெலை மூடுங்கள். பைல் மேல் ரைட் கிளிக், அப்புறம் ப்ராப்பர்ட்டீஸ். கீழே ‘அன்பிளாக்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதா? டிக் போட்டு ஓகே கொடுங்கள். ஜிப்பாக வந்தால் பிரிப்பதற்கு முன்பே ஜிப்புக்கு இதைச் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற பைலுக்கும் சீட்டு ஏறிவிடும்.

அண்ணாச்சி: அட, என் பழைய மஞ்சள் பட்டை! சரி, அப்படியே இந்தப் பில்லையும் கிழித்துவிடுவோம். விருதுநகர் பருப்புக்காரர் மெயிலில் அனுப்பியிருக்கிறார்.

மணி: ஐயோ, கையை எடுங்கள்! அது வருமான வரித் தளத்திலிருந்து நானே இறக்கியது. இது யார் அனுப்பியது என்று யாருக்குத் தெரியும்? பெயரின் கடைசியைப் பாருங்கள், எக்ஸ்எல்எஸ்எம். மேக்ரோ வைக்கிற எக்ஸெல் பைலுக்குத்தான் அந்த வால். பருப்பு பில்லுக்கு மேக்ரோ எதற்கு?

அண்ணாச்சி: உள்ளே ‘பில்லைப் பார்க்க எனேபிள் கன்டென்ட் தட்டவும்’ என்று மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறது?

மணி: அந்த மரியாதைதான் சந்தேகமே. 1999-இல் மெலிஸா என்று ஒரு வைரஸ் வந்தது. வேர்டு பைலுக்குள் மேக்ரோவாக உட்கார்ந்திருந்தது. திறந்தவருடைய முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தானாகவே மெயில் போட்டது.

அண்ணாச்சி: 50 பேருக்கா? காசு வாங்காமலா? தீபாவளி வாழ்த்துக்கு ஆகுமே!

மணி: இப்போது வருகிறவை வாழ்த்தோடு நிற்காது. கடைக் கணக்கு முழுவதையும் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும்.

அண்ணாச்சி: பணமா? (மவுஸை மேசை ஓரத்துக்குத் தள்ளுகிறார்.) இப்போது என்ன செய்யலாம்?

மணி: பருப்புக்காரருக்குப் போன் போட்டு, நீங்கள் அனுப்பியதுதானா என்று கேளுங்கள். அந்த மெயிலுக்கே பதில் எழுதிக் கேட்காதீர்கள். அனுப்பியது திருடன் என்றால் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வான்.

அண்ணாச்சி: போன்தானா? வேறு வழி இல்லையா?

மணி: ஏன், அவரோடு சண்டையா?

அண்ணாச்சி: சண்டை எல்லாம் இல்லை... சரி, போடு.

(மணி எண்ணை அழுத்திக் கொடுக்கிறான்.)

அண்ணாச்சி: அண்ணாச்சி, நான்தான். பில் ஏதாவது அனுப்பினீர்களா?... இல்லையா? நல்லது, வைத்துவிடுகிறேன்... எந்தப் பாக்கி?... பொங்கலுக்கு எடுத்த துவரம்பருப்பா?... மறப்பேனா... நாளைக்கேவா? (போனைக் கையால் பொத்திக்கொண்டு) ஏன் மணி, அந்தத் திருடன் எவ்வளவு கேட்பான்?