ஒரு லயம், பன்னிரண்டு காம்பரா

போன வாரம் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் இருப்பது லயத்தில்: தோட்டத் தொழிலாளருக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒவ்வொரு வீடும் ஒரு காம்பரா. பக்கத்துக் காம்பராவில் பத்து மாதக் கைக்குழந்தை. ஒன்பதாம் மாதம் போடவேண்டிய சின்னமுத்து (தட்டம்மை) தடுப்பூசி இன்னும் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அந்தப் பிள்ளையின் அம்மா போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். ஊசி போட்டுப் பிள்ளை செத்துப்போச்சு என்று ஒரு பெண் அழுகிறாள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, ஒரு விவரமும் இல்லை.

அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பிள்ளை மேல் பாசம் இருக்கிறவளுக்குத்தானே பயமும் வரும். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவில் கேட்கும். சின்னமுத்துக் கிருமி காற்றிலேயே பரவும். நோய் கண்டவர் எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறையில் இருக்கும். தடுப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். அதனால்தான் நூற்றுக்கு 95 பேராவது ஊசி போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். ஊசி போட்டுக்கொள்ளவே முடியாதவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள்: ஒன்பது மாதம் ஆகாத சிசு, கர்ப்பிணி, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர். அவர்களைக் காப்பாற்றுவது சுற்றி இருக்கிறவர்கள் போட்ட ஊசிதான். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஒரே பாயில் படுத்துத் தூங்கும் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள்.

ஊசியால் பிள்ளை இறந்ததே இல்லையா என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 2018இல் பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவு நாட்டில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். தடுப்பு மருந்தில் கோளாறு இல்லை. அதைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, தாதியர் தவறுதலாக வேறொரு மருந்தைக் கலந்துவிட்டார்கள். கொடுமைதான். அப்புறம் நடந்தது அதைவிடப் பெரிய கொடுமை. ஊசித் திட்டத்தையே சில மாதங்கள் நிறுத்தினார்கள், சனங்களின் நம்பிக்கையும் போனது. 2019இல் சின்னமுத்து வந்தது. இரண்டு லட்சம் பேர் வாழும் அந்தச் சின்ன நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிஞ்சுகள். கடைசியில், ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, அரசாங்கமே வீடு வீடாகப் போனது.

நம் லயத்து வாசலில் அப்படி ஒரு துணியைப் பார்க்கிற நாள் வரவே கூடாது.

இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர்கள் பெரியம்மைக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே கொத்துக் கொத்தாகச் செத்தவர்கள். பிறகு வந்தவர்களைக் கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, அம்மைப்பால் (பெரியம்மைத் தடுப்பூசி) குத்தித்தான் அனுப்பினார்கள். அந்தப் பெரியம்மை இன்று பூமியிலேயே இல்லை. ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலகமே அறிவித்தது. நம் நாட்டில் 1993க்குப் பிறகு போலியோ இல்லை. 2019இல் சின்னமுத்தையும் ஒழித்துவிட்டோம் என்று உலக சுகாதார அமைப்பு சொன்னது. ஆனால் 2023இல் அது திரும்பவும் தலைகாட்டியது. வாசல் திறந்திருந்தால் வரத்தான் செய்யும்.

ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் காய்ச்சல் வரலாம், மேலில் லேசாகத் தடிக்கலாம். கடுமையான ஒவ்வாமை மிக மிக அரிது. அதற்காகத்தான் ஊசி போட்டதும் கிளினிக்கிலேயே கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறார்கள்.

சரி, வதந்தி மட்டுமா காரணம்? கிளினிக் நாளில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாவிட்டால் அந்த அம்மாவுக்கு அன்றைய பேர் (வேலை செய்த நாள் கணக்கு) இல்லை. சம்பளம் போகும். தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் நான் கேட்பது இதுதான்: பிள்ளைக்கு ஊசி போடப் போகிற தாய்க்கு அன்று முழுப்பேர் போடுங்கள். இதை அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையிலேயே பேசுங்கள்.

வருகிற புதன்கிழமை கிளினிக். அந்த அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கச்சியும் கூடப் போகிறாள், அவளுடைய பேரையும் விட்டுவிட்டு.