அந்தத் தெரு சும்மா கிடைத்ததல்ல

லண்டனில் ஒவ்வோர் ஆகஸ்டும் கரீபியன் மக்கள் நடத்தும் தெருவிழா நொட்டிங் ஹில் கார்னிவல். அங்கே எடுத்த என் மகளின் படத்தை இங்கே போட்டேன். அதன் கீழே ரவுடிக் கூட்டம், கத்திக்குத்து, உடை, சத்தம், குப்பை என்று எழுதித் தள்ளினீர்கள், படத்தை நீக்கவும் சொன்னீர்கள். "நல்ல குடும்பத்துப் பெண் பிள்ளையை அழைத்துப் போகிற இடமா அது?" என்று கேட்ட அண்ணாவுக்கும், அந்தக் கேள்விக்கு விருப்பம் தெரிவித்தவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். அண்ணா, நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு வேலை தேடித் தந்தவர்களில் நீங்களும் ஒருவர். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

உங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர், கறுப்பின மக்களைக் குறித்து நம் வீடுகளில் புழங்கும் அந்தச் சொல்லையே எழுதிவிட்டார். என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மழையிலும் குளிரிலும் சனிக்கிழமைப் பள்ளிக்கு அழைத்துப் போய்ப் படிப்பித்திருக்கிறேன். அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அம்மா, இது என் சிநேகிதிகளைச் சொல்வதா?" என்று கேட்டாள். இதை வாசிக்கவா அவளுக்குத் தமிழ் படிப்பித்தேன்?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தத் தெருவில் ஆடுகிறவர்கள் நமக்கு முன்னால் இந்த நகரத்துக்கு வந்து, நமக்கு முன்னால் அடி வாங்கியவர்கள். நாம் இன்று பயமில்லாமல் நடக்கிற தெரு, அவர்கள் அடிபட்டு மீட்டெடுத்த தெரு.

1958 ஆகஸ்ட் கடைசியில் அதே நொட்டிங் ஹில்லில் வெள்ளைக்கார இளைஞர்கள் இரும்புத் தடிகளோடும் பெட்ரோல் குண்டுகளோடும் கரீபியன் மக்களின் வீடுகளைத் தேடித் தேடித் தாக்கினார்கள். அடுத்த ஜனவரியில், டிரினிடாட்டில் பிறந்த பத்திரிகையாளர் குளோடியா ஜோன்ஸ், செயின்ட் பான்கிராஸ் நகர மண்டபத்துக்குள் ஒரு கார்னிவல் நடத்தினார். அதற்காக அச்சிட்ட விழா மலரை விற்ற பணத்தில் ஒரு பகுதி, அந்தக் கலவரத்தில் அபராதம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்கு என்று அறிவித்தார். கறுப்பு இளைஞர்களுக்கும் வெள்ளை இளைஞர்களுக்கும் சேர்த்து! அதே 1959 மே மாதம், அன்டிகுவாவிலிருந்து வந்த கெல்சோ கொக்ரேன் என்ற தச்சுத் தொழிலாளி அங்கே தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 1966இல்தான் விழா, மண்டபத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது. கொன்ற தெருவிலேயே ஆடிக் காட்டினார்கள். நிறத்தைக் காட்டி வீடும் வேலையும் மறுப்பது சட்டவிரோதம் என்ற சட்டம் 1968இல் வந்தது. நானும் நீங்களும் வந்து இறங்கியபோது அந்தப் பாதுகாப்பு நமக்காகக் காத்திருந்தது. யார் போராடி வந்த சட்டம் அது?

"முதல் தடவை போய்விட்டு வந்து எங்களுக்கு வகுப்பு எடுக்கிறாயா?" என்று உள்பெட்டியில் ஒருவர். ஆம், முதல் தடவைதான். அந்த வங்கி விடுமுறை நாட்களில் எனக்கு எப்போதும் கடையில் வேலை இருக்கும். இந்த வருடம்தான் விடுப்புக் கிடைத்தது. வெஸ்ட்போர்ன் பார்க் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. காதுக்கு முன்னால் நெஞ்சுதான் கேட்டது. சன்னல்களுக்குப் பலகை அடித்த வீடுகள், ஆளுயரச் சிறகு கட்டிய பெண்கள், எண்ணெய் வாளிக்குள் கோழி சுடும் புகை. ஒரு லொறியின் மேல் வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் ஸ்டீல்பேன் என்ற எஃகு மேளம் வாசித்தார். டிரினிடாட்டில் அடிமைகளின் பிள்ளைகள் பறை அடிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு 1880களில் தடை போட்டது. அவர்கள் மூங்கிலை எடுத்துத் தரையில் குத்தினார்கள். பிறகு தகரத்தைத் தட்டினார்கள். கடைசியில் எறியப்பட்டுக் கிடந்த எண்ணெய்ப் பீப்பாயைக் கொத்தி ஸ்வரம் பிடித்தார்கள். அந்தக் கருவியை என் மகள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கிழவர் குச்சியை அவள் கையில் கொடுத்து ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். அந்தப் படம்தான் அது. அதன் கீழேதான் எழுதினீர்கள்.

பிற்பகல் 3 மணிக்கு எல்லாம் நின்றது. 2017இல் அருகிலுள்ள கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத் தீயில் பலியான 72 பேருக்காக 72 வினாடிகள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. ரவுடிக் கூட்டம் என்கிறீர்களே, எந்த ரவுடிக் கூட்டம் இப்படி நிற்கும்?

கத்திக்குத்து நடக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். நடந்தது. 2024இல் சின்னப் பிள்ளையோடு வந்த ஒரு தாய் குத்தப்பட்டு இறந்தார். நானும் தாய்தான், அதை வாசித்த இரவு நான் தூங்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது. பிள்ளையின் கையை நான் ஒரு கணமும் விடவில்லை. ஆனால் பல இலட்சம் பேர் கூடுகிற விழாவை அந்த ஒரு குற்றத்தால் மட்டும் அளக்க முடியாது. நம் பையன்கள் வாளோடு கோஷ்டி கோஷ்டியாகத் திரிந்த காலம் இதே லண்டனில் இருந்தது. அதற்காக நம் எல்லோரையும் ரவுடிகள் என்று யாராவது எழுதியிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

உடையைப் பற்றி எழுதியவர்களுக்குப் பதில் சொல்லமாட்டேன். என் மகளின் கண் அந்தக் கிழவரின் கையில்தான் இருந்தது. உங்கள் கண் எங்கே போனது என்பதை நீங்களே யோசியுங்கள்.

சத்தம், குப்பை, தெரு மறிப்பு என்கிறீர்கள். ஒவ்வோர் ஆகஸ்டும் மேற்கு ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் தேர் இழுக்கிறோம். தெருவை மறிக்கிறார்கள், பொலிஸ் காவல் நிற்கிறது, நடுத்தெருவில் சிதறு தேங்காய் உடைக்கிறோம், தவிலும் நாதஸ்வரமும் முழங்குகின்றன. வெள்ளைக்காரர்கள் வாசலில் நின்று கைகூப்புகிறார்கள் என்று படம் போட்டுப் பெருமைப்படுகிறோம். வேற்றூர்க்காரர்களும் இந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம் என்று இந்த நகரத்துக்கு அடித்துச் சொன்னவர்கள் யார்? நம் தேருக்கு முன்னால் அவர்களுடைய லொறி போயிருக்கிறது, அண்ணா.

எனக்கு ஆறாத விஷயம் இது. என் அப்பா 1958 மே மாதம் கொழும்பில் சிறுவன். தமிழர்களைத் தேடிக் கும்பல் வீடு வீடாக வந்தது. முகாமில் கிடந்து, பிறகு கப்பலில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவர். சாகும்வரை கதவு பலமாகத் தட்டப்பட்டால் எழுந்து நிற்பார். நொட்டிங் ஹில்லில் கதவுகள் உடைபட்டது அதே வருடம், மூன்று மாதம் கழித்து. உங்கள் குடும்பத்துக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது, 1983இல் இருக்கிறது, நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். கும்பலுக்கு முன்னால் நின்றவர்களை, கும்பலால் துரத்தப்பட்ட நாம் அந்தச் சொல்லால் அழைக்கிறோம். நம்மால் எப்படி முடிகிறது? அது எப்படி நம் வாயில் வருகிறது?

படத்தை நீக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு: நீக்கமாட்டேன்.

குளோடியா ஜோன்ஸ் 1964 கிறிஸ்துமஸ் சமயத்தில் இறந்தார். விழா தெருவுக்கு வந்ததைப் பார்க்கவில்லை. ஹைகேட் மயானத்தில், கார்ல் மார்க்ஸின் கல்லறைக்கு இடப்பக்கத்தில் இருக்கிறார். நாம் வெள்ளிக்கிழமைகளில் போகும் ஹைகேட் முருகன் கோயிலிலிருந்து நடக்கும் தூரம்தான். மயானத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. வரும் வெள்ளிக்கிழமை மகளோடு போகிறேன். அண்ணா, நீங்களும் வாருங்கள், உங்கள் கட்டணத்தை நான் கட்டுகிறேன்.